ஏழுமலைக்கு ஊசி போட மறுத்த காலை

புதிதாக இந்த அக்குபங்சர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஊசியை எங்கே போடுவது, எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. ஊசிப் பெட்டி கையில் இருந்தும் அதைத் திறக்காமல் நின்ற ஒரு காலையைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் வேலை ஞாபகம் வந்தால் கண்ணில் முதலில் வந்து நிற்பது அந்த வீடுதான். கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டிப் போனால் வரும், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் கடைசி வீடு.

என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே இயந்திரத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். நான் இயற்கை மருத்துவம் படித்தேன். பிறகு உதவித்தொகை கிடைத்து, கொரியாவில் ஒரு மருத்துவமனையில் தங்கி அந்த நாட்டுப் பாரம்பரிய மருத்துவத்தைக் கற்றேன். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன்ஸ் நோய்க்காரர்களை நான் கூட்டமாகப் பார்த்தது அங்கேதான். அந்தக் கட்டடத்தில் மேல் மாடியில் நரம்பு மருத்துவர்கள், கீழ் மாடியில் நாங்கள். நோயாளிகள் மேலே மாத்திரை வாங்கிக்கொண்டு, லிஃப்டில் இறங்கி எங்களிடம் ஊசி போட்டுக்கொள்ள வருவார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது.

அங்கே ஒரு மூலிகையை உருண்டையாக்கி, வயிற்றின் மேல் சூடு பொறுக்கும்படி வைத்துப் புகைய விடுவார்கள். நம் மாசிப்பச்சைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரியான செடி. இப்போதும் கோயில் மாலையில் மாசிப்பச்சை வாசனை வந்தால் எனக்கு ஜன்னலுக்கு வெளியே பனி பெய்வது போல இருக்கும்.

என் ஆசிரியை குள்ளமான பெண்மணி. நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் தேநீர்க் கோப்பையில் சூடாக்கிக்கொள்வார். நடுக்குவாதக்காரர் யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள், அடுத்தது எப்போது? அதற்குப் பிறகுதான் தூக்கம், மலச்சிக்கல், தோள் வலி எல்லாம்.

ஒருநாள் கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை மகன் அழைத்துவந்தார். மாத்திரையை விட்டுவிட்டு வேரும் ஊசியுமே போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். "தூங்க வைப்பேன். வயிற்றைச் சரி செய்வேன். தோளை இளக்கிவிடுவேன். இதற்கு மேல் யாராவது தருவதாகச் சொன்னால் அவர்களிடம் போங்கள்" என்றார். மகன் கோபத்தோடு அப்பாவை எழுப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் ஊரில் நோயாளி எழுந்து போவது என்றால் வைத்தியருக்குத் தலைகுனிவு. ஆசிரியை பார்லித் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த நிதானம் எனக்கு எப்போது வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி மைசூர் மைன்ஸ் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் சிகிச்சைக் கூடம் தொடங்கினேன். தங்கச் சுரங்கம் மூடி வருடங்கள் ஆகியிருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை பார்த்த பென்ஷன்காரர்கள். ஊசி என்றால் மருந்து ஏற்றும் ஊசி என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார்கள். முடி போல மெல்லிய ஊசியைக் காட்டினால், "இதுல இன்னா மருந்து நிக்கும்" என்று கேட்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

ஏழுமலை அப்படி வந்தவர்தான். ஷாஃப்ட் என்ற செங்குத்துச் சுரங்கக் குழியின் மேலே இன்ஜின் ஹவுஸில் உட்கார்ந்து, ஆட்கள் ஏறிய கேஜ் என்ற கூண்டைப் பூமிக்குள் இறக்கி ஏற்றிய வைண்டிங் இன்ஜின் டிரைவர். கேஜில் போகிறவர்களை அவர் பார்க்க முடியாது. கீழிருந்து மணி வரும். அதற்கேற்ப லீவரை நகர்த்த வேண்டும். அவர் வேலையில் இருக்கும்போது யாரும் அவரிடம் பேசக்கூடாது என்பது சட்டம். அந்தப் பழக்கமோ என்னவோ, பேச்சே மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான உயிர்களை ஏற்றி இறக்கிய வலது கை என் மேஜையின் மேல் கிடந்து, மாத்திரை உருட்டுவது போல விரல்களை உருட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பதிலாக மனைவி பட்டம்மாதான் பேசினார்.

"பெங்களூரு டாக்டரு மாத்திர குடுத்துகீறாரு. நடுக்கம் கொஞ்சம் அடங்கிச்சு. ஆனா ராத்திரி தூக்கம் கெடையாது. வயிறு போவறதில்ல. தோளு ரெண்டும் கல்லு மாதிரி கீது. உங்க கைக்கு சரியாவும்னு லைன்ல எல்லாரும் சொல்றாங்க."

"மாத்திரை எப்ப போட்டீங்க ஐயா?" என்று அவரிடமே கேட்டேன். காலையில் போட்டதைச் சொன்னார். மாத்திரை மாத்திரையாகவே இருக்கும், அதை நிறுத்துவது என் வேலை இல்லை, தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் வலிக்கும் மட்டும் நான் முயன்று பார்க்கிறேன் என்றேன். தலையாட்டினார்.

மகள் ரேவதி, கல்யாண வயதில் ஒரு பெண்ணுக்குத் தாய், பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து போனைக் காட்டினாள்.

"டாக்டர், கொரியாவுல இதுக்குத் தேனீ விஷம் ஏத்துறாங்களாமே. நைனாவுக்கு ட்ரை பண்ணலாமா?"

"ஏத்துறாங்கம்மா. பக்கத்திலேயே ஆக்ஸிஜன், அவசர மருந்து, தூக்கிட்டு ஓட ஒரு ஐ.சி.யூ எல்லாம் வச்சுக்கிட்டு ஏத்துறாங்க. சில உடம்புக்கு அந்த விஷம் ஒத்துக்காம மூச்சே நின்னுடும். என்கிட்ட இருக்கிறது ஒரு ஃபேனும் ஒரு மண்பானையும்."

ரேவதி சிரித்துவிட்டாள். அதன் பிறகு அதைக் கேட்கவில்லை.

வாரங்கள் போகப் போக அவருக்குத் தூக்கம் வந்தது. வயிறு இளகியது. தோளைத் தூக்கித் தானே சட்டை மாட்டிக்கொண்டார். ஊசியாலா, மூலிகைச் சூட்டாலா, அமைதியாக ஓர் அறையில் படுத்திருந்ததாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு அதனால் உங்கள் மேல் மரியாதை குறையாது.

வாசலைத் தாண்டுவதுதான் அவருக்குப் பெரிய பாடு. நிலைப்படி வந்தால் இரண்டு கால்களும் தரையில் ஒட்டிக்கொள்ளும். பட்டம்மா கையைப் பிடித்து இழுப்பார். அவர் முன்னால் சாய்வாரே தவிர, கால் வராது. ஒருநாள் அப்படி நின்றிருந்தபோது உள்ளே காத்திருந்த ஒரு பெண், மேஜை மேல் இருந்த மணியை யாரையோ கூப்பிட அழுத்தினார். ஏழுமலையின் வலது கால் எழுந்தது. படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். பட்டம்மாவும் நானும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"மணி கேட்டா கைதான் வேல செய்யும். காலு எப்டி செஞ்சதுன்னு தெர்ல" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் முறை. அதற்குப் பிறகு அவர் வாசலில் வந்து நின்றால் நான் மணியை அழுத்துவேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் வராமல் போனார். பட்டம்மாவுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் சோர்வா கீறாரும்மா, நாளைக்கு இஸ்துக்கினு வரேன்" என்றார். மறுநாள் காலை பட்டம்மாவே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"டாக்டரம்மா, அவரு கட்ட மாதிரி ஆயிட்டாரு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. ரேவதி ரயில்ல போய்க்கினு கீறா. நீங்க வந்து ஊசி போடுங்க."

ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அதை ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். கை தானாக எடுத்தது.

வீட்டு வாசலில் லைன் ஆட்கள் கூடியிருந்தார்கள். உள்ளே கட்டிலில் ஏழுமலை பலகை போலக் கிடந்தார். முழங்கையை மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. வேர்வையில் தலையணை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் வாயில் ஊற்றப் போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா. அவரால முழுங்க முடியாது. நுரையீரலுக்குப் போயிடும்."

நடுக்குவாதம் மெதுவாக முற்றும் நோய். ஒரு மனிதரை இரண்டு மூன்று நாளில் இப்படிக் கட்டையாக்காது. மாத்திரை திடீரென்று நின்றுபோனால் காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து வரும், உயிரையே எடுத்துவிடும் என்று கொரியாவில் மேல் மாடி மருத்துவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

"பட்டம்மா, மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"என் கையால குடுக்கறேம்மா. வேளா வேளைக்கு வாங்கி வாயில போட்டுக்குவாரு."

வாயில் போட்டுக்கொண்டதைப் பட்டம்மா பார்த்தார். விழுங்கியதைப் பார்க்கவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஏழுமலையின் காதருகே குனிந்தேன்.

"ஐயா, நான் பேசுறது கேக்குதா? கேட்டா கண்ணை மூடித் திறங்க."

மெதுவாக மூடித் திறந்தார்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா? ஆமான்னா அதே மாதிரி செய்யுங்க."

என்னையே பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். மறுபடி திறந்தார்.

எழுந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். பட்டம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஊசி போடும்மா. நீ போட்டா வெறப்பு எறங்கும். எத்தினி தபா பாத்துகீறேன். போட்டுட்டு அப்பால போலாம்."

வாசலில் ஒருவர், "ஊசி போட்டுப் போட்டுத்தான் இப்டி ஆயிட்டாரு" என்றார். இன்னொருவர், "போடலன்னா பெட்டி எதுக்கு எடுத்துக்கினு வந்தாங்க" என்றார்.

இப்போது நான் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். அந்த ஒரு ஊசியால் அவர் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் வந்திருக்காது. அதுதான் ஆபத்து. ஒரு ஊசி போட்டிருந்தால் பட்டம்மா அழுகையை நிறுத்தியிருப்பார். வாசலில் பேசியவர்கள் அடங்கியிருப்பார்கள். எல்லோரும் சுற்றி நின்று, விறைப்பு இறங்குகிறதா என்று பார்த்திருப்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பொறுமைக்கு அவரிடம் உயிர் மிச்சமில்லை. நம் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் முன்னால் மறுப்பது சுலபம். நம்மைத் தெய்வம் போல நம்புகிறவர் கையைப் பிடித்துக் கெஞ்சும்போது மறுப்பதுதான் கஷ்டம்.

"போட மாட்டேன் பட்டம்மா. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கு. நானும் கூட வரேன்."

அவர் என் கையை விட்டார். அப்போது அவர் பார்த்த பார்வையை நான் சொல்லாமல் விடுகிறேன்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அது பங்காரப்பேட்டையில் இருப்பதாகவும் வரத் தாமதமாகும் என்றும் தெரிந்தது. ஊசியைக் குறை சொன்ன அதே மனிதர்தான், "நம்ம லக்கேஜ் ஆட்டோ கீது, மெத்தைய போடுங்க" என்றார். மெத்தையை விரித்து ஏழுமலையை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தலை ஆடாமல் பட்டம்மா மடியில் தாங்கிக்கொண்டார். நான் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே போனேன். ரேவதிக்குப் போன் செய்தேன். டைகல் ஸ்டேஷனைத் தாண்டியிருந்தாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பு என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் மருத்துவர். காய்ச்சலைப் பார்த்ததும் மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று யோசித்தார். நான் கன்னடத்தில் மூன்றே விஷயங்களைச் சொன்னேன். இவருக்கு இந்த நோய், இந்த மாத்திரை, அதைச் சில நாட்களாகப் போடவில்லை. நான் யார், எங்கே படித்தேன் என்பதெல்லாம் அப்போது தேவைப்படவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உறுதியா தெரியுமா?" என்றார். "அவரே சொன்னார்" என்றேன். அடுத்த நிமிடம் மூக்கு வழியாகக் குழாய் போட்டு மாத்திரையைக் கரைத்துச் செலுத்த ஏற்பாடு செய்தார். பெங்களூரு நரம்பு மருத்துவரிடம் போனில் பேசிக்கொண்டே மற்ற வைத்தியத்தையும் தொடங்கினார். நல்ல மருத்துவர். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஏழுமலை சில நாட்கள் எதுவும் சொல்ல முடியாத நிலையில் இருந்தார். ரேவதி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தாள். பட்டம்மா என்னோடு பேசவில்லை. நான் தினமும் போய்ப் பட்டம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஒரு காலை, நான் உட்கார்ந்ததும் அவராகவே டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"வெரலு மடக்கினாரும்மா" என்றார்.

பேச்சு வந்த பிறகு ஏழுமலையிடம் கேட்டேன். மாத்திரையை ஏன் விட்டீர்கள்? குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"ஒரு இன்ஜினுக்கு ஒரு டிரைவர்தாம்மா இருக்கணும். ரெண்டு பேரு லீவர புடிச்சா கேஜு எங்க போவும்னு எவனுக்கும் தெரியாது. மாத்திரையா, ஊசியா, எது என்னை ஓட்டுதுன்னு பாக்கணும்னு நெனச்சேன்."

"அதுக்கு மட்டும்தானா ஐயா?"

பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"மாத்திர வேல செய்யற நேரத்துல ஒடம்பு பாம்பு மாதிரி நெளியுது. நடுக்கம் கூட பரவால்ல, வயசாச்சுன்னு உட்ருவாங்க. பேத்திய பொண்ணு பாக்க வராங்க. நான் சபையில குந்தினு நெளிஞ்சா இன்னா நெனப்பாங்க?"

பெங்களூரிலும் இதை அவர் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. மாத்திரை நேரத்தையும் தூக்கத்தையும் வலியையும் எத்தனை முறை கேட்டாலும் வெட்கம் அந்தப் பதில்களுக்குள் வராது.

"டிரைவர் மாத்திரைதான் ஐயா. நான் எண்ணெய் விடுறவ, அவ்வளவுதான்."

அவர் அதை யோசித்தார். "எண்ணெ விடலன்னா இன்ஜின் சூடாயிடும்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது.

உடம்பு தேறியதும் ரேவதியும் நானும் அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனோம். நெளிவதைப் பற்றி அவரையே சொல்லச் சொன்னேன். சொன்னார். நரம்பு மருத்துவர் மாத்திரையைச் சிறு சிறு அளவாகப் பிரித்து நாள் முழுக்கப் பரவலாகக் கொடுத்தார். நெளிவு பாதியாகக் குறைந்தது. முன்பே வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பேத்தியைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் நெளிந்தார். வந்தவர்களில் ஒரு பெரியவர், தன் தம்பிக்கும் இதேதான் என்று சொல்லி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாராம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

ஆனால் அந்தக் காய்ச்சல் எடுத்துக்கொண்டதை முழுதாகத் திருப்பித் தரவில்லை. பழைய நடை வரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதோடு சரி. என் கூடத்துக்கு அவர் வர முடியாததால் நான் அங்கே போகத் தொடங்கினேன். போனதும் மாத்திரையைப் பற்றிக் கேட்பேன். பட்டம்மா அவர் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் அடி வரைக்கும் பார்த்ததாகச் சொல்வார். அவர் சின்னப் பிள்ளை போல வாயைத் திறந்து எனக்கும் காட்டுவார். அந்த வீட்டில் அப்படிக் கழிந்த மத்தியானங்கள் என் வேலைக் காலத்தின் நல்ல நேரங்கள்.

ஒரு மத்தியானம் நான் பெட்டியைத் திறந்தபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இன்னிக்கி எனக்கு வேணாம். அவளுக்குப் போடுங்க."

"எனக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தான் கீறேன்" என்றார் பட்டம்மா.

"ராத்திரி பூரா என்னைப் பெரட்டிப் பெரட்டிப் போடறா. காலையில ஒரு கையால கொடம் தூக்கறா. நான் பாத்துக்கினுதான கீறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்து, "படு" என்றார்.

பட்டம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பாயில் படுத்தார். தோளைத் தொட்டதும் சுருங்கினார். எத்தனையோ முறை அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்தத் தோளை நான் அன்றைக்குத்தான் தொட்டேன். கடைசி ஊசி போடுவதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டு, ஒரு மனுஷி எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் எப்படித் தூங்குவாளோ அப்படி.

ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ பட்டம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் நடுங்கும் விரலை உதட்டின் மேல் வைத்து ஜன்னல் பக்கம் காட்டினார். வந்தவள் புரிந்துகொண்டு போய்விட்டாள். ஊசிகளை எடுக்க வேண்டிய நேரம் வந்தது. நான் அடுத்துப் பார்க்க வேண்டிய நோயாளி உரிகாம்பேட்டையில் காத்திருந்தார். நான் குனிந்தேன்.

"இருக்கட்டும்மா" என்றார் மெதுவாக. "எழுப்பாதீங்க. இவ தூங்கி நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

நான் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன்.